பங்கு கிடைக்காத இரும்பு

தங்கம் ஆற்று மணலில் தங்கமாகவே கிடைக்கிறது. அலுமினியம் அப்படிக் கிடைப்பதில்லை. புவி மேலோட்டின் எடையில் 8 சதவீதம் அதுதான். இருந்தும் 1825இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுக்கும்வரை அதை உலோகமாக யாரும் கையாண்டதற்குச் சான்றில்லை. பள்ளிப் பாடம் இதற்கு ஒரே வரியில் விடை சொல்கிறது: வினைபடு திறன் மிக்க உலோகங்கள் காற்றோடும் நீரோடும் சேர்ந்து சேர்மங்களாகிவிடும். சரிதான். ஆனால் எந்தக் காற்று, எந்தக் காலத்தில் என்று துருவத் தொடங்கினால் இந்த விடை பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழியைத் தேடிப் போனேன்.

முதல் தடயம் 1789இல் இருக்கிறது. வேதியியலாளர் லவாய்சியே தன் தனிமப் பட்டியலில் சுண்ணாம்பையும் அலுமினாவையும் சேர்த்தார். இவை அறியப்படாத உலோகங்களின் ஆக்சைடுகளாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் சொல்லிவைத்தார். 1807 அக்டோபரில் லண்டனில் ஹம்ப்ரி டேவி அந்த வழியில் ஓர் அடி முன்னே போனார். பொட்டாஷ் கரைசலில் மின்சாரம் பாய்ச்சியபோது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான் வந்தன. ஆகவே திடப் பொட்டாஷ் துண்டொன்றைக் காற்றில் லேசாக ஈரம் ஏறவிட்டு, பிளாட்டினத் தட்டில் வைத்து மின்கலத்தோடு இணைத்தார். துண்டு உருகியது. அடியில் பாதரச மினுமினுப்போடு சின்னஞ்சிறு உருண்டைகள் திரண்டன. சில பிறந்த கணமே வெடித்து எரிந்தன. மற்றவை மங்கி வெள்ளைப் படலம் போர்த்துக்கொண்டன. மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்த பொட்டாசியம் அது.

இதைப் படிக்கிற எவரும் காற்றின் மீதுதான் பழி போடுவார்கள். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. காற்றில் ஆக்ஸிஜன் குறிப்பிடத்தக்க அளவில் சேர்ந்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். புவிக்கோ 450 கோடி வயது. காற்றுதான் காரணம் என்றால், அதற்கு முந்தைய பாறைகளில் உலோகங்கள் தூய வடிவில் பரவலாக இருந்திருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த மணல் பரல் அளவேயான சிர்கான் படிகங்களில் மிகப் பழையவற்றுக்கு 440 கோடி வயது. அவற்றிலேயே சிர்கோனியம் சிலிக்கனோடும் ஆக்ஸிஜனோடும் கட்டுண்டு கிடக்கிறது. அந்த ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வந்ததல்ல, பாறைக்குள் முதலிலிருந்தே இருந்தது. இன்றும் மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆக்ஸிஜன்தான். புவி உருகிக் கிடந்த நாளில் கால்சியமும் அலுமினியமும் மக்னீசியமும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டன. அவற்றைவிடப் பிடிப்புக் குறைந்த இரும்புக்கு மிச்சம்தான் கிடைத்தது, அதுவும் போதவில்லை. ஆக்ஸிஜன் கிடைக்காத இரும்பு உலோகமாகவே உருகி, கனம் தாங்காமல் புவியின் மையத்துக்கு இறங்கியது. தங்கமும் பிளாட்டினமும் இரும்போடு சேர்ந்து போயின. தனிமங்களைப் பாறை நாடுபவை, இரும்பு நாடுபவை என்று 1920களில் பிரித்துக்காட்டியவர் நார்வேயில் பணியாற்றிய விக்டர் கோல்ட்ஷ்மிட். அலுமினியம் நமக்குத் தூயதாகக் கிடைக்காததற்கும் காலடியில் மலிந்து கிடப்பதற்கும் காரணம் ஒன்றே என்பது என் முடிவு. ஒரு டன் மேலோட்டுப் பாறையில் அது சராசரியாக 80 கிலோ. தங்கம் சில மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி பின்னாளில் விழுந்த விண்கற்கள் கொண்டுவந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவை இதற்கு எதிராகக் காட்டலாம். அங்கே பசால்ட் பாறைக்குள் இரும்பு உலோகமாகவே, டன் கணக்கில் இருக்கிறது. 1870இல் அதைக் கண்ட ஆய்வுப் பயணி நார்டன்ஷெல்ட் விண்கல் என்றே நம்பினார். அது புவியில் பிறந்ததுதான் என்று பிறகு தெளிவாயிற்று. எரிமலைக் குழம்பு கரி நிறைந்த படிவுகளின் ஊடே ஏறி வந்தபோது, கரி இரும்பிடமிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டது. நம் ஊது உலையில் நடப்பதும் இதே வேலைதான். ஆக்ஸிஜனைப் பறிக்க ஒரு பொருள் வந்தால் மட்டுமே இரும்பு விடுபடுகிறது என்பதால், டிஸ்கோ என் வாதத்துக்கே சாட்சியாகிறது.

அடுக்களை அலுமினியச் சட்டி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்றும் கேட்கலாம். நாம் தேய்ப்பதும் தொடுவதும் அலுமினியத்தை அல்ல, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஆக்சைடு படலத்தை. அந்தப் படலத்தைச் சுரண்டி, ஈரக் காற்றில் ஒரு துளி பாதரசம் பட்டுவிட்டால், படலம் மறுபடி ஒட்டிக்கொள்ள முடியாது. சிறிது நேரத்தில் உலோகத்திலிருந்து வெள்ளை இழைகள் முளைத்து எழுகின்றன; தொட்டால் பொடிப்பொடியாய் உதிர்கின்றன.