தனி டம்ளர்



கடந்த வாரத்தில் நம் சபையின் வாலிபர் சிலர் என்னை ஒரு பெரிய காபிக் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். குளிரூட்டிய கூடம், மெத்தை நாற்காலிகள், மெல்லிய இசை. ஒரு கோப்பைக் காபியின் விலை 240 ரூபாய். பணத்தின் அருமையைக் குறித்துப் புத்தி சொல்ல வேண்டும் என்று உள்ளத்தில் ஆயத்தமானேன்.

"இந்தக் காபிக்காகவா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

ஒரு தம்பி சொன்னார்: "காபிக்காக இல்லை, ஐயா. இங்கே பெயரை மட்டும்தான் கேட்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்பதில்லை."

"நம் சபையில் கேட்கிறார்களா, தம்பி?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆயத்தம் செய்திருந்த புத்திமதி அவ்விடத்திலேயே நின்றுபோயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் சிறுவயதின் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் வந்தது. அதை இன்று உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் ஊரில் ஆச்சியின் கருப்பட்டிக் காபிக்குப் பெரிய பெயர் உண்டு. வீட்டுக்கு வந்த எவரையும் ஆச்சி காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை. மாட்டுத்தொழுவம் கூட்ட வரும் அம்மாவுக்கும் காபி உண்டு. ஆனால் அவருடைய டம்ளர் அடுக்களையில் இராது. புறவாசல் ஓலைக் கூரையில் செருகியிருக்கும். அவர் அதை எடுத்துக் கழுவி நீட்டுவார். பாத்திரத்தை உயரத் தூக்கி, டம்ளரில் படாதபடி காபியை ஊற்ற வேண்டும். பல நாட்கள் ஊற்றியது நான்தான்.

அந்த அம்மாவும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். திருவிருந்து நாட்களில் எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து பானம்பண்ணுவதைச் சிறுவனாகிய நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை கேட்டேன்: "ஆச்சி, நேத்து கோயில்ல எல்லாரும் ஒரே பாத்திரத்துலதானே குடிச்சீங்க?" ஆச்சி என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். "போய்ப் படி" என்றார்கள். அடுத்த ஞாயிறுகளில் கவனித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாவும் அவருடைய தெருவாரும் எப்போதும் கடைசியாகவே பீடத்தண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பின் குடிப்பதற்கு ஒருவரும் இரார்.

நான் மறுபடி கேட்கவில்லை. காபி ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

பிரியமானவர்களே, காபியின் கதை ஜெபத்தோடு தொடர்புடையது. ஏமன் நாட்டின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண்விழித்திருக்க அதை அருந்தினார்கள். அங்கிருந்து பாபா புடன் என்னும் துறவி ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. நம் நாட்டுக்கு வந்த பின்போ, அந்தப் பானத்தின் நடுவிலும் நாம் சுவர் எழுப்பினோம். "பிராமணாள்" என்று பலகை மாட்டிய காபிக் கடைகள் தமிழ்நாட்டில் இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் அத்தகைய பலகையை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். உணவுவிடுதிப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் சட்டப்படியே தண்டனைக்குரிய குற்றம். அதன் பின்னும் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது.

இவை பிறருடைய பாவங்கள் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கலாகாது என்று நிருபம் அனுப்பினார். எல்லாரும் கலந்து அமரவும், ஒன்றாகத் திருவிருந்தில் பங்குபெறவும் கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அநேகர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள். பாத்திரத்தைப் பகிர்வதைவிட ஆலயத்தை விடுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

ஆகவே, காபிக் கடைகள் நிரம்பி வழிவதைக் கண்டு வாலிபர்மேல் குற்றம் சுமத்த எனக்கு வாயில்லை. அக்கடைகளும் பரலோகம் அல்ல. தெருவைக் கேட்காத கதவு பணப்பையைக் கேட்கிறது. அங்கே மேசை துடைக்கும் பிள்ளை, தன் சம்பளத்தில் அதே மேசையில் எத்தனை முறை அமர முடியும்? ஆயினும் 240 ரூபாய் கொடுத்து நம் பிள்ளைகள் வாங்குவது ஒரு சமமான நாற்காலியை. அதை விலையின்றிக் கொடுக்க வேண்டிய இடம் சபை அல்லவா?

சமாரியாவின் கிணற்றண்டையில் களைத்து உட்கார்ந்த நம் ஆண்டவரை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் பாத்திரம் இல்லை. அந்த ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்டபோது, அவள் பாத்திரத்திலேயே குடிக்க அவர் ஆயத்தமாயிருந்தார். முதலில் வியப்படைந்தவள் அவளே. தன்னிடம் கேட்கக்கூடாத ஒருவர் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுக்களைக்குள் சென்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்கென்று ஒரு டம்ளர் தனியே ஒதுங்கியிருக்கிறதா? ஜன்னல் ஓரத்திலோ, தொட்டியின் கீழோ இருக்கலாம். "அவர்களாகவே அப்படி வைத்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள்; எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். அதை எடுத்துவிடுங்கள். நாளைக் காலையில் நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்குக் காபி ஊற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அருகில் அமருங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் காபி அருந்தும்போது, வழக்கமாக நிற்கும் கூட்டத்தைவிட்டு நாலு அடி நடந்து செல்லுங்கள். நானும் நடப்பேன்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் காலம் வாய்க்கவில்லை. உங்களுக்கு நாளைக் காலை இருக்கிறது.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.