புல்லுக்காக ஒரு வாரம்

மே மாதம் கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புல்லைப் பார்ப்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் காட் ரோட்டில் வெள்ளி நீர்வீழ்ச்சியை நெருங்கும்போதே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கத் தொடங்கிவிடும். மேலே போனால் ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, குணா குகை, பைன் காடு. இறங்கும்போது ஒரு கிலோ பிளம்ஸ், கொஞ்சம் மலைப்பூண்டு. கூட்டம் தாங்காமல், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் எங்கள் ஊர் ஜனங்கள்தானே, இரண்டு நாள் குளிரட்டும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஆதங்கம். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகும் பச்சையில் பெரும்பகுதி மனிதன் நட்டுவைத்தது. மலை தானாக உடுத்தியிருந்த பச்சையை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

நான் திண்டுக்கல் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் மலையேறிவிடுவது வழக்கம். மன்னவனூரைத் தாண்டிக் கவுஞ்சிப் பக்கம், நண்பர்கள் சிலர் வனத்துறை அனுமதியோடு ஒரு சரிவில் வாட்டில் என்ற அந்நிய மரத்தின் கன்றுகளைப் பிடுங்கிப் பழைய புல்வெளியை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒரு வாரம் வேலை செய்வதும், வேலை ஓய்ந்த பொழுதில் கால் போன திசையில் நடப்பதும்தான் எனக்குக் கோடை விடுமுறை. இதை ஓய்வு என்று சொல்ல முடியாது. இடுப்பு நோகும், விரல்கள் காய்த்துப்போகும். புத்தகத்தில் எத்தனையோ வருடம் படித்த மலையை இந்த வேலைக்குப் பிறகுதான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

காலை ஏழரைக்குச் சரிவில் நிற்க வேண்டும். முந்தின நாள் கோடைமழை விழுந்திருந்தால் எல்லார் முகத்திலும் சந்தோஷம். மண் இளகியிருக்கும்; பென்சில் பருமன் கன்றுகள் வேரோடு கையில் வந்துவிடும். மழை இல்லாத நாளில் அதே கன்று பாதியில் முறிந்து, களைக்கொத்தால் அடியைக் கிளற வைக்கும். மணிக்கட்டுப் பருமன் தாண்டியதை அரிவாளால் வெட்டி, நிற்கும் கட்டையின் பட்டையை மண்ணுக்குள் வரை உரித்துவிடுவோம். இதில் அவசரம் ஆகாது. ஒரு விரலகலம் பட்டை மிச்சமிருந்தாலும் அங்கிருந்து தளிர் கிளம்பிவிடும்.

பிடுங்கிய கன்றின் வேரைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் வேர்முடிச்சுகள். வகுப்பில் இதை நான் பெரிய வரமாகச் சொல்லித் தருகிறேன். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் அது வரம்தான். இந்தச் சரிவில் கதை வேறு. இங்குள்ள புல் ஏழை மண்ணில் வாழப் பழகியது. வாட்டில் மண்ணுக்கு உரமேற்றிவிட்டால், அந்த உரத்தைத் தின்று கொழுக்கும் களைகள் முந்திக்கொள்கின்றன. ஆகவே மரத்தை எடுத்துவிட்டால் மட்டும் புல் திரும்பி வருவதில்லை. பக்கத்தில் நல்ல புல் மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து தூர்களைப் பெயர்த்து, நாலைந்தாகப் பிரித்து, நாற்றங்காலில் பைகளில் வளர்த்து, மழைக்கு முன் கொண்டுவந்து நட வேண்டும். நாற்று நடவு போலக் குனிந்து குனிந்து செய்யும் வேலை. சரிவு என்பதால் ஒரு காலை மேலே ஊன்றி, ஒரு காலைக் கீழே நீட்டிக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் இந்தப் பழனி மலைத்தொடரின் மேல்தளம் பழைய நாளில் எப்படி இருந்தது என்பதற்கு இங்கே இன்னும் சில இடங்கள் சாட்சி. இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில், ஓடையை அணைத்தபடி, குட்டையாகவும் நெருக்கமாகவும் சோலைக்காடு. திறந்த சரிவெங்கும் புல். சோலை ஏன் சரிவில் ஏறவில்லை என்றால், அதற்கு ஒரு முக்கியமான காரணம் உறைபனி. மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் பனி உறைந்து, அங்கே முளைத்த மரக்கன்றைக் கருக்கிவிடும். புல்லுக்கு உயிர் தரையை ஒட்டிய தூரில் இருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். இப்படிப் பனியே எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குளிர்ப் பகுதியிலிருந்து வந்த வாட்டில் அந்தப் பனிக்கு அஞ்சவில்லை.

வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே தைல மரமும் வாட்டிலும் மலைக்கு வந்துவிட்டன. நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் நடவு பெரிதாக நடந்தது. தோல் பதனிட வாட்டில் பட்டை, காகிதத்துக்கும் செயற்கை இழைக்கும் மரக்கூழ், ஊருக்கு விறகு. புல்வெளியைக் கணக்கில் தரிசு என்று எழுதியிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்கிறது. காடு அழிந்தால் ஊர் கூடிப் பேசுகிறோம். இங்கே மரத்தாலேயே நிலம் அழிந்ததால் பேச ஆளில்லாமல் போயிற்று.

எங்களோடு வேலைக்கு வரும் பெண்களில் மூத்தவர் ஒரு அக்கா. அறுபதை நெருங்கியிருப்பார். கன்றைப் பிடிக்கும் விதம், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கும் விதம் எல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டதுதான். வரக்காப்பி குடிக்க உட்கார்ந்த வேளையில் எதிர்ச் சரிவைக் காட்டி, “அந்தா நிக்கிற மரமெல்லாம் எங்க அய்யா நட்டது டீச்சர்” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “அப்ப கூலிக்கு நட்டாக. இப்ப நான் கூலிக்குப் புடுங்குறேன். எங்க அய்யா இருந்தா என்ன சொல்லுவாரோ” என்றவர், காப்பியை முடித்துவிட்டு, “ஆனா அவரும் சொல்லுவாரு, இந்த ஓடையில முந்தி சித்திரையிலயும் தண்ணி ஓடும்னு” என்றார்.

இதற்குப் பிறகு வாட்டிலை எதிரி என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த மரம்தான் இந்த ஊர்களின் அடுப்பை எரித்தது. நடச் சொன்னவர்கள் வேலை கொடுத்தார்கள், ஊர்க்காரர்கள் உழைத்தார்கள், குழந்தைகள் சாப்பிட்டார்கள். பழி என்று ஒன்று இருந்தால் அது புல்லைத் தரிசு என்று எழுதிய காகிதத்தில் இருக்கிறது. அக்கா சொன்ன தண்ணீர்க் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. புல்வெளியில் விழும் மழை சட்டென்று ஓடிவிடுவதில்லை. நெருக்கமான வேர்களுக்கிடையே இறங்கி, கீழே பள்ளத்திலுள்ள சதுப்பில் தங்கி, சோலை ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எப்போதும் பசுமையாக நிற்கும் வாட்டில் கூட்டமோ ஆண்டு முழுதும் நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டிருக்கும். இந்த மலைத்தொடரிலிருந்து ஒரு பக்கம் மஞ்சளாறும் வராக நதியும் வைகைக்குப் போகின்றன. மறுபக்கம் குதிரையாறும் சண்முக நதியும் அமராவதிக்குப் போகின்றன. பழனியில் முடியிறக்கிக் குளிக்கிறவரும் பெரியகுளத்தில் மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டுகிறவரும் இந்தப் புல்லோடு சம்பந்தப்பட்டவர்கள்தான்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடியும். இருட்டும்வரை எங்கள் பொழுது. சோலைக்குள் நுழைந்தால் அட்டைக்காக உப்பு முடிச்சு வேண்டும். உள்ளே வெளிச்சம் பாதியாகிவிடும். மரத்தின் உடம்பெல்லாம் பாசி, பெரணி, ஆர்க்கிட். காட்டுச் செண்பகத்தைத் தேடிக்கொண்டு போனால் அதன் விதைகள் தரையில் கிடக்கும். நாற்றங்காலுக்குக் கொஞ்சம் பொறுக்கிக்கொள்வோம். சோலை ஓரத்தில் புல்லுக்கும் காட்டுக்கும் நடுவே காட்டுப் பூவரசு நிற்கும், முறுக்கிய கிளைகளும் தடித்த பட்டையுமாக. இமயத்தில் பூக்கும் ரோடோடென்ட்ரானின் தெற்கத்தி உறவு இது. பழனிச் சிரிப்பான் என்ற பறவை அதன் பூக்களுக்கு வரும். பார்ப்பதற்கு முன்பே சத்தத்தால் தன்னை அறிவித்துவிடும்.

தாண்டிக்குடிக்கு ஒரு நாள் போனோம். காப்பித் தோட்டங்களுக்கு மேலே பாறையில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பழங்காலச் சின்னங்கள். செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேட், இந்த மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1928-இல் வந்தது. அதே சபையைச் சேர்ந்த திருச்சித் தாவரவியலாளர் கே.எம். மத்தேயு பழனி மலைத் தாவரங்களை முழுமையாகத் தொகுத்து 1999-இல் வெளியிட்டார். சரிவில் பேர் தெரியாத புல் ஒன்று கையில் சிக்கும்போதெல்லாம் நாங்கள் போய் நிற்பது அந்தத் தொகுதிகளின் முன்தான். ஒரு மனிதர் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவழித்து, புல்லைக்கூட விடாமல் படம் வரைவித்து அச்சேற்றியிருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது.

குறிஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் வழியில் எங்களைப் பார்த்தால் முதலில் கேட்பது, “குறிஞ்சிப்பூ எங்கே இருக்கு?” என்றுதான். நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது, இனி 2030. நடுவிலுள்ள வருடங்களில் அது வெறும் இலைப் புதர். பூத்து, விதைத்து, செத்துப்போகும் செடி அது. இப்போது நிற்பவை 2018-இன் விதையிலிருந்து வந்தவை. அவற்றுக்கு வேண்டியது வெயில் படும் புல்சரிவு. வாட்டில் மேலே கவிந்து நிழல் கட்டிவிட்டால் 2030-இல் பூக்க அங்கே ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லி, கேட்டவர்களைச் சாலையோரம் இறக்கி, அந்தப் புதரைக் கையால் தொட வைத்திருக்கிறேன். பூ இல்லாத செடியைக் காட்டுகிறாளே என்று யாரும் சலித்துக்கொண்டதில்லை. ஒரு சிறுமி தன் வயதோடு கூட்டிப் பார்த்து, பூக்கும்போது தான் பிளஸ் டூ படிப்பேன் என்று சொன்னாள். அவள் வருவாள் என்று நம்புகிறேன்.

வாரத்தின் பிற்பகுதியில் வேலையின் போக்கு மாறியது. பழைய, முதிர்ந்த வாட்டில் தோப்பு ஒன்றை அளந்து குறிக்கப் போனோம். கூட வந்த இளைஞர்களுக்கு இதையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளிவிடலாம் என்று வேகம். உள்ளே போய்க் குனிந்து பார்த்தால், அந்த நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்திருந்தன. பறவைகள் பக்கத்துச் சோலையிலிருந்து பழம் தின்று போட்ட விதைகள். வாட்டில் இங்கே பனிக்குக் குடை பிடித்து, சோலைக் கன்றுகளை வளர விட்டிருக்கிறது. இதை மொத்தமாக வெட்டினால் கன்றுகள் வெயிலிலும் பனியிலும் போய்விடும். மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடிய வாட்டில் விதைகள் வெளிச்சம் பட்டவுடன் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். ஆகவே ஓடை மடிப்பிலுள்ள தோப்பை மெல்ல மெல்லக் கலைத்துச் சோலைக்கு விட்டுக்கொடுப்பது. திறந்த சரிவில் மட்டும் புல்லுக்காகப் போராடுவது. எங்கள் வரைபடத்தில் அப்படித்தான் குறித்தோம். அந்நிய மரம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மருந்து என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு நடந்து, குனிந்து பார்க்கிற ஆட்கள் வேண்டும்.

அக்காவிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். சோலைக்கு விடும் பகுதிக்குத் தலையசைத்தார். சரிவுக்கு மட்டும் ஒரு திருத்தம் சொன்னார். “நீங்க கோடையில வர்றீக. அது முளைக்கிறது மழைக்கு டீச்சர். ஒரு சாண் வளர்றதுக்குள்ள புடுங்கினா பாதி ஆளு போதும். விட்டா அரிவாள் எடுக்கணும்.” சரியான கணக்கு. நண்பர்களுக்குப் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விதை எப்போது முளைக்கும் என்று அக்காவால் சொல்ல முடிகிறது. அதனால் புரட்டாசி, ஐப்பசிக் கூலியைத் தனியாக எடுத்து வைப்பது என்று முடிவாயிற்று. காலாண்டு விடுமுறைக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களை அழைத்து வரத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பெற்றோர் கையெழுத்து, வனத்துறைக் கடிதம், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு என்று பட்டியல் போட்டாகிவிட்டது. பிடுங்கக் கற்றுக்கொடுக்க அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.