ஓட்டப்போவது அக்கா

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வாழையிலைக் கடைகளில் இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. தனியாள் என்றால் ஓரத்தில் சின்ன மேசை ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே உட்கார்ந்தவருக்குப் பக்கத்து மேசையின் குடும்ப விவகாரம் முழுவதும் இலவசம்.

பக்கத்து மேசையில் ஆறு பேர். நடுவில் மீன்தலைக் கறிச் சட்டி. சட்டிக்கும் அப்பளத்துக்கும் இடையில் ஒரு டேப்லெட் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. சோறு பிசைந்த வலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடக்கைச் சுண்டுவிரலால் வரைபடத்தை நகர்த்துகிறார் மச்சான்.

"இங்க பாருங்க அத்தான். பெர்த்ல இறங்குறோம், கார் எடுக்குறோம், நேரா தெற்கு. மார்கரெட் ரிவர் 270 கிலோமீட்டர். மூணு மணி நேரம்தான். அப்புறம் கடலோரமாவே கீழ வரைக்கும் போயிடலாம்."

அத்தான் பீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். அவருடைய மனைவியைத்தான் மச்சான் 'அக்கா' என்கிறார். அக்கா வரைபடத்தைப் பார்க்கவில்லை. மீன் தலையின் கன்னச் சதையை முள் இல்லாமல் பிரித்து மாமியாரின் இலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய லைம் ஜூஸ் தம்ளரை ஒட்டிக் கார்ச் சாவி கிடக்கிறது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு பெர்த் ஏறக்குறைய பக்கத்து ஊர். விமானத்தில் ஐந்து மணி நேரம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் ஓட்டுநர் உரிமமே போதும். கிழக்கிலிருந்து மேற்கு வரை ஐம்பது கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் தீவில், விரைவுச்சாலையில் 90க்கு மேல் போகக் கூடாது என்று பழகியவர்களுக்கு, பெர்த்திலிருந்து தெற்கே போகும் ஃபாரஸ்ட் நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகமே பாதி உல்லாசம்.

மீதிப் பாதி மார்கரெட் ரிவர் ஒயின். வடக்கே நேச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை. இரண்டுக்கும் நடுவில் கேவ்ஸ் ரோடு, அதன் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். மச்சான் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

"அங்க ஒயின் ஆரம்பிச்சு வச்சதே டாக்டருங்க தான் அத்தான். அதுவும் ஹார்ட் டாக்டர்!"

பொய்யில்லை. 1960கள் வரை அந்த வட்டாரத்தில் பால்மாடும் மரம் வெட்டுவதும்தான் பிழைப்பு. 1965இல் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் ஆய்வாளர், இந்த மண்ணும் தட்பவெப்பமும் நல்ல ஒயின் திராட்சைக்கு ஏற்றவை என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் 1967இல் கொடி நட்டார். வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டம் அப்படி வந்தது. பின்னாலேயே பஸ்ஸல்டன் ஊர் மருத்துவர்கள் இரண்டு பேர் மாஸ் வுட், கல்லன் என்று ஆளுக்கொரு தோட்டம் போட்டார்கள். இதய மருத்துவர் ஒயின் தோட்டம் போட்டதை மச்சான் ஏதோ உடல்நலச் சான்றிதழைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தானும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

அட்டவணை தயார். ஒரு நாளைக்கு மூன்று தோட்டம், ஒவ்வொன்றிலும் ஆறு வகை ருசி. பள்ளி விடுமுறை ஜூனிலா, ஆண்டிறுதியிலா என்று ஒரு சுற்று பேச்சு. ஜூன் அங்கே குளிரும் மழையும், கொடியெல்லாம் மொட்டையாக நிற்கும். ஆகவே டிசம்பர்.

அப்போதுதான் மேசைக் கோடியிலிருந்து பதினாறு வயதுப் பெண் கேட்டது. "யாரு ஓட்டுறது?"

"அம்மாதான். அம்மாதான் குடிக்க மாட்டாங்களே." அப்பா மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அக்கா ரசம் கேட்டு ஆளைக் கூப்பிட்டார். அந்தத் தீர்மானம் அவ்வளவுதான்.

ருசி பார்ப்பதுதானே என்று சிரிக்கிறார்கள். ஒரு ருசிக்கு 30 மில்லி ஊற்றினால்கூட ஆறு வகைக்கு 180 மில்லி. மூன்று தோட்டம் என்றால் அரை லிட்டருக்கு மேல். சிங்கப்பூரில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை சட்டம் பொறுக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 50தான். ஆக அத்தானும் மச்சானும் ஸ்டியரிங் பக்கமே போக முடியாது. மச்சானின் மனைவிக்கு முன்னாலும் அரைக் குவளை பீர் நிற்கிறது. பாட்டிக்கு உரிமம் இருக்க வாய்ப்பில்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை அக்காதான். பொழுது சாய்ந்தால் கங்காரு சாலையில் குதிக்கும், விளக்கில்லாத காட்டுப் பாதை, பின்னிருக்கையில் மூன்று குறட்டை. அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டம் போடவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வாரத்தின் ஒரே ஓய்வுநாளைக் கழிக்க வந்த ஊழியர்கள். டுவாஸிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் வந்தவர்கள், புல்தரையில் வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பொட்டலம் கட்டிய டீ, வேர்க்கடலை, ஊருக்கு வீடியோ அழைப்பு. துணைக் காவல் அதிகாரிகள் இருவர் மெதுவாக நடந்து போகிறார்கள். 2013 டிசம்பர் 8, இதே போன்ற ஒரு ஞாயிறு இரவு, இந்தச் சாலையும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தனியார் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தார். கலவரம் மூண்டது. அது பெரிதாக வளர்ந்ததில் மதுவுக்குப் பங்குண்டு என்றது விசாரணைக் குழு. 2015 ஏப்ரல் முதல் லிட்டில் இந்தியா மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரம். சனி காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் ஒரு வாய் பீர் கூடாது. கூரையும் நாற்காலியும் உரிமமும் உள்ள கடைக்குள் குடிக்கலாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நாற்காலிக்குக் கொடுக்கப் பணமில்லாதவனைத்தான் அது போய்ப் பிடிக்கிறது.

பாட்டிக்கு வேறு கவலை. "அங்க கோவில் இருக்காடி?"

பேத்தி தட்டிப் பார்த்துவிட்டு, "முருகன் கோவிலே இருக்கு பாட்டி. மண்டோகலப்ல. போற வழிதான்" என்கிறது.

"அப்ப முதல்ல அங்க. அப்புறம் எங்க வேணா போங்க." மாங்காய் ஊறுகாய் எடுத்துப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். பாட்டி யோசிக்கிறார்.

மச்சான் அதற்குள் திரும்பி வரும் கணக்குக்குப் போய்விட்டார். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பெரியவர் இரண்டு லிட்டர் ஒயின் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அதாவது ஆளுக்கு இரண்டு போத்தல். அதற்கு மேல் ஒரு போத்தல் என்றால் சுத்த மதுவுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி வீதம் தீர்வை. 14 விழுக்காட்டு ஒயின் 750 மில்லிக்கு ஒன்பதே கால் வெள்ளி வரும், அதன் மேல் ஜிஎஸ்டி.

"நாம நாலு பேரு எட்டு. அத்தையையும் சேர்த்தா பத்து!"

சலுகை அவரவர் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரியை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. முருகனைக் கும்பிடப் போகும் பாட்டியின் பேரில் இரண்டு போத்தல் ஏறிவிட்டது. குடிக்காத அக்காவின் பேரிலும் இரண்டு.

பில் வரும் நேரத்தில் அக்கா முதல்முறையாக டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இந்த பஸ்ஸல்டன் மரப்பாலம் எவ்ளோ நீளம்?"

"1.8 கிலோமீட்டர் அக்கா. கடலுக்குள்ளயே போகும். இருபது நிமிஷம் போட்டிருக்கேன்."

"போறதுக்கு மட்டுமே அது பத்தாதேடா."

"பாத்துக்கலாம்க்கா." அவர் டேப்லெட்டை மூடி உறைக்குள் போட்டார்.

அடுத்த மேசைக்காரருக்கு வாய் கிடையாது. அதனால் இதே பயணத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மார்கரெட் ரிவரிலும் பஸ்ஸல்டனிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்காட்டும் வேன்கள் இருக்கின்றன. குடிக்கிற நாளுக்கு அதில் இடம் போட்டுவிடுங்கள். மரப்பாலத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்கும் முன், ஓட்டப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.