இலண்டனில் காந்தியடிகள்

ராஜ்கோட் நகரின் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்த மோகன்தாஸ் என்னும் சிறுவன், ஒருநாள் தன் நண்பனுடன் ஆற்றங்கரையில் தனியிடம் ஒன்றைத் தேடிச் சென்று ஆட்டிறைச்சி உண்டான். வைணவக் குடும்பத்தில் பிறந்து, புலாலின் மணமும் அறியாது வளர்ந்தவன் அவன். இறைச்சி தோல்போலக் கடினமாயிருந்தது, விழுங்க இயலவில்லை. அன்றிரவு கண்ணயரும்போதெல்லாம், உயிருள்ள ஆடு ஒன்று தன் வயிற்றினுள்ளிருந்து கதறுவதுபோலத் தோன்ற, அவன் திடுக்கிட்டு எழுந்தான். ஆயினும் அதனோடு விடவில்லை. ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை அவ்விருந்து நடைபெற்றது.

நாவின் சுவை கருதி அவன் அதனைத் தொடங்கவில்லை. ஆங்கிலேயர் இந்தியரை ஆள்வதற்குக் காரணம் அவர்கள் புலாலுண்டு பெற்ற வலிமையே என்றும், இந்தியர் யாவரும் புலாலுண்டால் அன்னியரை ஓட்டிவிடலாம் என்றும் அக்காலத்து மாணவர் பலர் நம்பினர். நண்பன் எடுத்துக்கூறிய அவ்வாதம் அவன் உள்ளத்தையும் பற்றிக்கொண்டது. பெற்றோரிடம் பொய் கூற வேண்டியிருந்ததே என்னும் வேதனையால் பின்னர் அவன் அவ்வழக்கத்தைக் கைவிட்டான்; கொள்கையைக் கைவிடவில்லை. பெற்றோர் வாழும்வரை புலாலைத் தொடுவதில்லை. அவர்கள் காலத்திற்குப் பிறகு வெளிப்படையாகவே உண்பது என்று மனத்துள் முடிவு செய்துகொண்டான்.

இத்தகைய உள்ளத்துடனேதான், 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள், சட்டம் பயிலும் பொருட்டுக் காந்தியடிகள் பம்பாயில் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு திங்கள் இருந்தது. தந்தையார் முன்னரே மறைந்துவிட்டார். அன்னை புத்லிபாய், மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று, ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் மகனிடம் உறுதி பெற்ற பின்னரே விடைகொடுத்தார். கடல் கடத்தல் சமயத்திற்கு மாறு என்று கூறித் தடுத்த சாதித் தலைவர், கேளாது புறப்பட்டவரைச் சாதியினின்று விலக்கினார். அந்த விலக்கினை இளைஞர் பொருட்படுத்தவில்லை. அன்னைக்குக் கொடுத்த வாக்கை உயிரென மதித்தார்.

இலண்டனில் அவ்வாக்கு பெருஞ்சுமையாயிற்று. காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. நண்பகலிலும் இரவிலும் அரைவயிறுதான். இறைச்சியின்றி என்ன சமைத்துக் கொடுப்பது என்று விடுதியம்மையாருக்குத் தெரியவில்லை. மூன்றாம் ரொட்டித் துண்டுக்குமேல் கேட்க இவருக்கு நாணம். கல்வியறிவற்ற தாயிடம், இந்நாட்டு நிலை அறியாது கொடுத்த வாக்கு எப்படிக் கட்டுப்படுத்தும் என்று நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதிட்டார். பெந்தம் என்னும் அறிஞரின் நூலையும் படித்துக் காட்டினார். வாதத்திற்கு விடை கூற இவரால் இயலவில்லை. வாக்கு வாக்குதான் என்று மட்டும் சொன்னார். ஒருநாள் அந்நண்பர் பெரியதோர் உணவுச்சாலைக்கு இவரை அழைத்துச் சென்றார். முதலில் வந்த சூப்பில் இறைச்சி உண்டோ என்று பரிமாறுபவரை இவர் வினவ, நண்பர் வெகுண்டு, வெளியே சென்று வேறிடத்தில் உண்ணுமாறு கூறிவிட்டார். இவரும் மகிழ்ச்சியுடன் வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலை மூடியிருந்தமையால், அன்றிரவு பட்டினி! நண்பர்மீது இவர் சினங்கொள்ளவில்லை. அன்பினால் செய்கிறார் என்றே கருதினார்.

பல மைல் நடந்து திரிந்த நாள்களுள் ஒன்றில், பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலையொன்று அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. வாயிலருகே கண்ணாடிப் பெட்டியில் சில நூல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதியது. விலை ஒரு ஷில்லிங். அதனை வாங்கிக்கொண்டு சென்றமர்ந்தார். இலண்டன் வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். பின்னர் அந்நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்தார்.

பிறந்த வீட்டில் பழக்கமாயிருந்ததும், கப்பலேறியபின் வாக்காக மட்டும் நின்றதும், அன்று முதல் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. அன்னை காட்டிய நெறியை ஓர் ஆங்கிலேயர் எழுத்தின் வழியே அவர் அறிந்து ஏற்றது வியப்புக்குரியது. ஆயினும் அன்னையிடம் இருந்தது அன்பு. காரணங்களை அடுக்கிக் கூறும் வழக்கம் அவருக்கு இல்லை. மகனோ காரணம் தேடும் பருவத்தில் இருந்தார். இலண்டன் மரக்கறி உணவினர் சங்கத்தில் அவர் சேர்ந்து, அதன் செயற்குழுவிலும் இடம் பெற்றார்.

அச்சங்கத்தார் இதழில் 1891இல் இந்தியர் உணவைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். இந்தியர் வலிமை குன்றியமைக்கு மரக்கறி உணவே காரணம் என்னும் கூற்றை அங்கே மறுத்தார். புலாலுண்ணாத இடையர்களின் உடற்கட்டைச் சான்றாகக் காட்டினார். வலிமைக் குறைவுக்கு உண்மைக் காரணங்களுள் ஒன்றாக அவர் சுட்டியது குழந்தை மணம். பதின்மூன்றாம் வயதில் மணமானவர் அதனை எழுதினார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பள்ளிப் பருவத்தில் எது வலிமை தரும் என்று நம்பினாரோ, அதனைத் தொலைவிலிருந்து நோக்கியபோது விலக்கினார். எது இயல்பானது என்று வீட்டார் செய்துவைத்தனரோ, அதனைக் குற்றம் என்று கண்டார்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞானச் சங்கத்தைச் சார்ந்த உடன்பிறந்தார் இருவர், எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் பெயர்த்த பகவத்கீதையைப் படித்துவந்தனர். மூலத்தைத் தம்மோடு சேர்ந்து படிக்குமாறு இவரை அழைத்தனர். வடமொழியிலோ, தாய்மொழியாகிய குசராத்தியிலோ அதனைப் படித்ததே இல்லை என்று அவர்களிடம் சொல்ல நேர்ந்தபோது அவர் நாணினார். அவர்களுடனிருந்து படிக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் அவர் கையை விட்டு அகலாத நூலை, அவர் முதன்முதலில் திறந்தது இலண்டனில்தான்.

1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டராகி, இரு நாள் கழித்துக் கப்பலேறினார். அன்னையைக் காணும் ஆவலே மனம் நிறைய இருந்தது. பம்பாய்த் துறைமுகத்திற்குத் தமையனார் வந்திருந்தார். மகன் இலண்டனில் இருந்தபோதே அன்னை மறைந்துவிட்டார் என்பதையும், அயல்நாட்டில் தனியே துயருறலாகாது என்று அச்செய்தியை மறைத்துவைத்ததையும் அவர் மெல்ல எடுத்துரைத்தார். தந்தையாரின் மறைவினும் இம்மறைவு தம்மை மிகுதியாக வருத்தியது என்று காந்தியடிகள் பிற்காலத்தில் எழுதினார். பள்ளிச் சிறுவன் மனத்துள் குறித்துவைத்த காலம் வந்துவிட்டது: பெற்றோர் இருவரும் இல்லை, அன்னைக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்போரும் இல்லை. அவருடைய உணவு மாறவில்லை.