ஜூம் பண்ணினால் தெரியாத முகம்

படம் திருத்தும் மென்பொருள் எதைத் திறந்தாலும் அதில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். ஃபோட்டோஷாப்பிலும் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலும் இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதை எப்போது கீழே வைப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் ரொம்ப நாளாகும். ஒரு கல்லூரி மாணவனுக்கு அது ஒரு சாவு வீட்டுப் படத்தில் புரிந்தது. அந்தக் கதையோடு சேர்த்தே இந்த விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ. அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை பார்க்கும் பையன், பகலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் பின்னணி மாற்றுவது, கல்யாணப் படங்களில் முகத்தைப் பளிச்சென்று ஆக்குவது, இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு படம் வந்தால் போதும், உடனே கண்ட்ரோலையும் பிளஸையும் அழுத்தி 400%, 600% என்று போய்விடுவான். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகச் சுத்தம் செய்வான். கடைக்கு வருபவர்கள் பின்னால் நின்று பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை ஒரு அக்கா கல்யாண ஆல்பத்தோடு வந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். மாலை போட்டு வைக்க வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கேமராவைக் கண்டாலே நகர்ந்து போய்விடும் மனிதராம். இருப்பது இந்த ஒரு குரூப் போட்டோதான். மகளுடைய கல்யாணத்தில், வரிசையின் கடைசியில், பாதி வெளியே போன மாதிரி நிற்கிறார். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

"இத மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு தம்பி. சுவத்துல மாட்டுற மாதிரி."

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்த முகத்தின் உயரம் சுமார் 1.2 சென்டிமீட்டர். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று எடுத்தால், முகத்துக்குக் கிடைப்பது சுமார் 283 புள்ளிகள். அதைவிட அதிகமாக ஸ்கேன் செய்தாலும் பெரிய லாபம் இல்லை. பழைய பேப்பர் பிரிண்டில் அதற்கு மேல் விவரம் பெரும்பாலும் இருக்காது. அந்த அக்கா கேட்ட 12க்கு 15 அங்குலப் படத்தில் முகம் மட்டும் ஐந்து அங்குலம் வரும். 283ஐ ஐந்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 57 புள்ளிகள்கூட முழுதாக வராது. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும் என்பார்கள், 200 இருந்தாலும் சமாளிக்கலாம். 57 என்பது ரொம்பக் குறைவு.

அந்த அக்காவுக்கு இதைச் சொன்னால் புரியவில்லை. "பெருசா ஆகுதே தம்பி, அந்தா பாரு" என்று திரையைக் காட்டினார். அவர் மட்டுமில்லை, புதிதாக வரும் நிறையப் பேர் குழம்பும் இடம் இதுதான். ஜூம் செய்வது என்பது படத்தைப் பெரிதாக்குவது இல்லை. பார்வையை மட்டும்தான் அது மாற்றுகிறது. படத்தை 800% வைத்துச் சேமித்தாலும் 25% வைத்துச் சேமித்தாலும் ஃபைல் ஒன்றேதான். ஜன்னல் பக்கத்தில் போய் நின்றால் தெரு பெரிதாகத் தெரியும், ஆனால் தெரு ஒரு அடிகூட அகலமாகாது! படத்தின் அளவு மாற வேண்டுமானால் அதற்கு 'இமேஜ் சைஸ்' என்று தனி இடம் இருக்கிறது. அங்கே பெரிதாக்கினாலும் நடுவில் சேரும் புள்ளிகள் மென்பொருள் ஊகித்துப் போடுபவைதான்.

"இன்னும் கிட்டப் போ தம்பி" என்றார் அக்கா. 200%. கண் தெரிந்தது. 400%. மூக்கும் மீசையும் மங்கலாகின. 800%. திரை முழுக்கப் பழுப்புச் சதுரங்கள். அக்கா முன்னால் குனிந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவராகவே ஸ்டூலைப் பின்னால் தள்ளிச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். "இப்பத் தெரியுது. இங்கிருந்து பாத்தா அப்பாதான்" என்றார். பையன் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்கு அவசரம்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தான். பெரும்பாலும் 600%இல்தான் வேலை. கீறல்களை எடுத்தான். பூஞ்சை பிடித்த இடத்தைப் பக்கத்துத் தோலை வைத்து மூடினான். இடது புருவத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, ஸ்கேனர் தூசு என்று நினைத்து ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்தான். ஒரு கண் இமை கொஞ்சம் தாழ்ந்து மங்கலாக இருந்தது. இன்னொரு கண்ணை நகலெடுத்துத் திருப்பி வைத்துவிட்டான். நெற்றிக் கோடுகளைப் பாதி குறைத்தான். 600%இல் பார்க்கும்போது ஒவ்வொரு இடமும் முன்பைவிட நன்றாகவே இருந்தது. உண்மையிலேயே நல்ல வேலைதான்.

சனிக்கிழமை மதியம் அக்கா வந்தார். முழுப் படத்தையும் திரையில் வைத்துக் காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா..." என்று இழுத்தார். "அப்பா மாதிரி இல்லையே."

எது இல்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணா, மூக்கா, மீசையா? எதைக் கேட்டாலும் அது சரியாத்தான் இருக்கு என்கிறார். ஆனால் ஆள் இல்லை. அதற்கு மேல் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு ராத்திரி தூங்காதவனுக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. மறுநாள் காலை காரியம். படம் வேண்டும்.

கடைக்கார அண்ணன் பழைய ஆள். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்விலேயே பென்சிலால் டச்சப் செய்தவர். அவர் ரெண்டே வேலைதான் சொன்னார். "நூறுல வையி. எந்திரிச்சு வாசப்படிக்கு வந்து நின்னு பாரு." பக்கத்திலேயே பழைய ஸ்கேனையும் திறக்கச் சொன்னார்.

வாசற்படியில் நின்று பார்த்ததும் அவனுக்கே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண் சற்றுச் சுருங்கி நிற்கும் ஒரு மனிதர். இன்னொரு பக்கம் இரண்டு கண்ணும் அளந்து வைத்த மாதிரி யாரோ ஒருவர். ஒவ்வொரு துண்டும் சரி, மொத்தம் தப்பு. 600%இல் திரையில் ஒரு கண்ணும் புருவமும் மட்டுமே தெரியும். இன்னொரு கண் எங்கே இருக்கிறது, இரண்டும் எப்படிச் சேருகின்றன என்பது அங்கே தெரியவே தெரியாது.

"அக்கா, புருவத்துக்குக் கீழ ஒரு புள்ளி இருந்துச்சே, அது என்ன?" என்று கேட்டான்.

"வெல்டிங் பட்டறையில பொறி தெறிச்ச வடு. எனக்கு நாலு வயசு அப்ப. அதுக்கப்புறம்தான் அந்தக் கண்ணு அப்படி ஆயிருச்சு" என்றார். அவன் துடைத்தது தூசு இல்லை.

நல்லவேளை, அவனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மூலப்படத்தை அடி லேயரில் தொடாமல் வைத்திருந்தான். அதிலிருந்து வடுவையும் இமையையும் நெற்றிக் கோடுகளையும் திரும்பக் கொண்டுவந்தான். ஆனால் இந்த முறை இரண்டு ஜன்னல் திறந்துகொண்டான். ஒன்றில் பெரிதாக்கிய பகுதி, இன்னொன்றில் அதே படம் முழுசாக. ஒன்றில் பிரஷ் வைத்தால் மற்றதிலும் உடனே மாறும். ஃபோட்டோஷாப்பில் 'விண்டோ' மெனுவில் 'அரேஞ்ச்' என்பதற்குள் 'நியூ விண்டோ' இருக்கிறது. ஜிம்ப்பில் 'வியூ' மெனுவில் 'நியூ வியூ'. ஒரே ஃபைலுக்கு இரண்டு ஜன்னல், அவ்வளவுதான்.

இது புது யோசனையும் இல்லை. 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷுடன் வந்த மேக்பெயின்ட்டிலேயே இருந்தது. 2025இல் மறைந்த பில் அட்கின்சன் எழுதிய மென்பொருள் அது. அதில் 'ஃபேட்பிட்ஸ்' என்று ஒரு வசதி, புள்ளிகளைப் பெரிய சதுரங்களாகக் காட்டும். ஆனால் அதோடு ஒரு மூலையில் சின்னக் கட்டத்தில் அந்த இடத்தை உண்மையான அளவில் காட்டிக்கொண்டே இருக்கும். கிட்டப் போகிறவனுக்குத் தூரத்துப் பார்வையும் வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பையன் பழகிக்கொண்ட சில விஷயங்கள் இவை. படம் திருத்துகிற எவருக்கும் உதவும்:

1. வேலை தொடங்கும்போதே 100%இல் ஒருமுறை பாருங்கள். ஜிம்ப்பில் 1 என்ற எண்ணை அழுத்தினால் போதும். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோலும் 1உம். சிஎஸ்4க்கு முந்தைய பதிப்பு என்றால் கண்ட்ரோல், ஆல்ட், 0. பூதக்கண்ணாடி மேல் இரட்டைக் கிளிக் செய்தாலும் ஃபோட்டோஷாப்பில் 100% வரும். 100% என்றால் படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி.

2. முழுப் படமும் திரைக்குள் அடங்க, ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோலும் 0உம். ஜிம்ப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே.

3. பெரிதாக்கிய படத்தை நகர்த்த ஓரத்துப் பட்டைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு மவுஸால் இழுங்கள்.

4. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் 33.3%, 66.7% போன்ற அளவுகளில் கோடுகள் பிசிறடித்துத் தெரியும். அது படத்தின் குறை இல்லை, காட்டும் விதத்தின் குறை. கூர்மையைச் சோதிக்க 100% அல்லது 50% வையுங்கள்.

5. 100% வேறு, அச்சில் வரும் அளவு வேறு. ஜிம்ப்பில் 'டாட் ஃபார் டாட்' என்பதை எடுத்துவிட்டால் 100% என்பது அச்சு அளவைக் காட்டும், திரையின் அளவு சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால். இன்றைய நெருக்கமான புள்ளிகள் கொண்ட திரைகளில் 100% ரொம்பச் சின்னதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. முகத்தில் ஏதோ தப்பு, ஆனால் எது என்று பிடிபடவில்லையா? ஜிம்ப் 2.10இலிருந்து (2018) பார்வையை மட்டும் இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. படம் மாறாது. பழகிப்போன கண்ணுக்குத் தப்பு பளிச்சென்று தெரியும்.

7. கடைசியாக, எந்த மெனுவிலும் இல்லாத ஒரு கட்டளை: நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். :)

இப்போது இந்த வேலைக்கு செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. சின்ன முகத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் பெரிதாக, மயிர்க்கால் தெரியும்படி கொடுக்கின்றன. 800%இல் பார்த்தாலும் சதுரம் தெரியாது. ஆனால் 283 புள்ளியில் இல்லாததை அந்தக் கருவி எங்கிருந்து கொண்டுவருகிறது? ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று வரைகிறது. அந்தப் பையன் இரண்டு ராத்திரியில் செய்த அதே தப்பை அது இரண்டு நொடியில் செய்துவிடக்கூடும். வடுவைத் தூசு என்று நினைக்கலாம், சுருங்கிய கண்ணைச் சரி செய்துவிடலாம். அதைச் சொல்வதற்கு அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிரிண்ட் வந்தது. கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் மங்கல்தான். 57 புள்ளியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. அக்கா அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கடை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ம்... அப்பாதான்" என்றார்.

மறுநாள் அது நடுக்கூடத்தில் நாற்காலி மேல் மாலையோடு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்தடி தூரத்திலிருந்துதான் முதலில் அதைப் பார்த்தார்கள்.