உறைக்குள் என்ன இருந்தது?

உதவித்தொகைப் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒப்புகை அட்டை வந்ததும் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபீசில் தபால் பிரித்தவன் சொல்கிறேன்: உறை வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் அந்த அட்டை சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. எங்கள் தெருவில் கால் ஊனமான தம்பி ஒருவருக்கு, "மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை" என்று பதில் வந்து நாலு மாதம் பணம் நின்றுபோயிற்று. அவர் இணைத்துத்தான் அனுப்பியிருந்தார். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் கடிதத்தின் அடியில் இணைப்புகளை எழுதச் சொல்லித் தந்தார்கள். அதையே செய்யுங்கள். 1, 2, 3 என்று எண்ணிட்டு எழுதி, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்கட்டும். கேட்டாலொழிய அசலை அனுப்பாதீர்கள்.

2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதைப் பணம் கைக்கு வரும்வரை பத்திரப்படுத்துங்கள்.