பேரிங்கைத் தின்றது எது?

திங்கள்

தம்பியின் டாக்ஸி மறுபடியும் கயிறு கட்டி இழுத்துத்தான் வந்து சேர்ந்தது. மீட்டரில் 2,87,000 கிலோமீட்டர். போன மழைக்காலத்தில்தான் இன்ஜினை இறக்கி, கிராங்க்கை கிரைண்டிங் கொடுத்து, புது பேரிங் போட்டது. கிணத்துக்கடவு தாண்டும்போது அடியில் அதே ‘டக் டக்’ கேட்டிருக்கிறது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டான். நல்லதாயிற்று. இறுகிப்போன இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க முடியும். ஓடுகிற இன்ஜினிடம் இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

அப்போது இன்ஜின் வேலை செய்த பட்டறையில் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: வண்டி ரொம்ப ஓடிடுச்சு, ஹாஃப் இன்ஜின் மாத்திடுங்க. எனக்கு இதில் உடன்பாடில்லை. புது பேரிங் இவ்வளவு சீக்கிரம் போனால், பழையதைக் கொன்ற காரணம் வண்டிக்குள் இன்னும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தேடாமல் எதை மாற்றினாலும் பணம்தான் போகும்.

செவ்வாய்

பொள்ளாச்சியில் அப்பா காலத்து மெக்கானிக்கிடம் விட்டோம். ஸ்கேனரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை. “அது சொல்லாது கண்ணு. இந்த வண்டியில ஆயில் பிரஷருக்கு வெறும் சுவிட்சுதான்” என்றார். அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே விழுந்தால்தான் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு மேலே 1 பாரும் 4 பாரும் சுவிட்சுக்கு ஒன்றுதான்.

புதன்

அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் முள் கேஜை மாட்டினார். கிராங்க் எப்படியும் லேத்துக்குப் போகப்போகிறது. சில நொடி ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

பேரிங் தேய்ந்தது மட்டுமே குறை என்றால், சூடான ஐடிலில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். மிதிக்க மிதிக்க ஏறும். இங்கே தலைகீழ். ஐடிலில் 1.5 பார். மிதித்ததும் 2.5 வரை போன முள், 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் நடுங்கி 1-க்குக் கீழே இறங்கியது. பம்ப் வேகமாக இழுக்கிறது, கீழிருந்து ஆயில் வரவில்லை. “வாய் அடைச்சிருக்குது” என்றார்.

அணைத்துவிட்டு டீ குடித்து வந்து ஸ்டார்ட் செய்தால், முள் ஒழுங்காக ஏறியது. இழுப்பு நின்றதும் அடைப்பு வலையிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. காலையில் அமைதியாகக் கிளம்பும் வண்டி, பைபாஸில் வேகம் பிடித்த பிறகே சத்தம் போட்டது ஏன் என்பது இப்போது விளங்கிவிட்டது.

வெள்ளி

சம்ப் இறங்கியது. டீசல் வண்டியில் ஆயில் கறுப்பது நோய் அல்ல. மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கறுத்துவிடும். ஸ்டிரெயினர் வலையில் இருந்தது வேறு. விரலில் தேய்த்தால் நறநறக்கும் கெட்டிக் கரி. வலையில் பாதிக் கண்கள் மூடியிருந்தன.

பேரிங் ஷெல்களைத் துணிமேல் வரிசையாக வைத்தார். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் அந்த ராடைச் சந்தேகப்படலாம். எல்லா ஷெல்லிலும் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. ஆக, ஆயில் எதற்குமே போய்ச் சேரவில்லை.

கரி எங்கிருந்து வந்தது? ஹெட் கவரைத் திறந்தால் மூன்றாம் இன்ஜெக்டரின் காலடியில் தார்போல ஒன்று இறுகிக் கிடந்தது. முனையில் இருக்கும் காப்பர் வாஷர்தான் எரியும் வாயுவைத் தடுப்பது. விரல்நுனி அளவுகூட இல்லை. அது உட்காரும் இடம் குழிவிழுந்திருந்தது. அந்த வழியாக ஏறிய சூடான வாயு, கவருக்குள் ஆயிலைக் கரியாக்கி சம்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. போன தடவை கீழ்ப்பாதியை முழுக்கப் புதுப்பித்தவர்கள், இதன் பக்கம் திரும்பவே இல்லை. உழைத்துச் சாப்பிடுகிறவனின் வண்டியை இப்படிப் பார்த்து அனுப்பலாமா என்று இன்னும் ஆறவில்லை.

செவ்வாய்

இன்ஜெக்டர் சீட்டுகளை வெட்டிச் சமன் செய்து, நான்குக்கும் புது வாஷர், புது கிளாம்ப் போல்ட். ஸ்டிரெயினர், ஆயில் பம்ப் புதிது. ஆயில் கூலரைக் கழுவினால் போதாதா என்றான் தம்பி. சந்துகளில் தங்கிய கரி மொத்தமும் கழுவலில் வராது. கூலரையும் டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் மாற்றச் சொன்னேன். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. ஆயில் தடைபட்டால் அதுவும் தாங்காது.

ஞாயிறு

500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தோம். துகள் இல்லை. இன்று ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். டாஷ்போர்டில் நிரந்தரமாகவே ஒரு ஆயில் கேஜ் வைத்தாகிவிட்டது: ஏற்றத்தில் 3.5 பாருக்குக் குறையவில்லை, மேலே போய் நிறுத்தியபோது சூடான ஐடிலில் 1.4. அடுத்த ஆயில் 5,000-இல். அன்றைக்கும் ஃபில்டரை அறுத்துப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.